உப்புச் சர்க்கரைத் தட்டும் உன் அப்பாவின் காதும்

மோகனூர்,
கார்த்திகை இரண்டாம் வெள்ளி, 1985.

அன்பு மகன் நாச்சிமுத்துவுக்கு அம்மா எழுதுவது. ரிக் லாரியோடு ராய்ப்பூர்ப் பக்கம் எந்தக் காட்டில் நீ தண்ணீருக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தாலும், நேரத்துக்குச் சோறும் ராத்திரிக்குத் தூக்கமும் கிடைத்து உடம்பு நோகாமல் இருக்க வேண்டும் என்று நாவலடிக் கருப்பணசாமியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன் சாமி, ஆனால் அந்தச் சொல்லை எழுதினால் அது முழுப்பொய்யாகிவிடும். எருமை சுகம், புதுக் கன்று சுகம், கரும்பு நன்றாக விளைந்து வெல்ல ஆலையும் ஓட ஆரம்பித்துவிட்டது. மனிதர்கள்தான் சரியில்லை. அதிலும் உன் அப்பா செய்கிற கூத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதலாம் என்று ஒரு வாரமாகப் பார்த்தேன், ஆறுகிற வழியாகத் தெரியவில்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், நீயும் அப்படியே படித்துக்கொள். இதில் உனக்கும் பங்கு இருக்கிறது.

நீ நாக்பூரில் வாங்கி உங்கள் டிரைவர் காத்தானிடம் கொடுத்தனுப்பிய காது மிஷின் பத்திரமாக வந்து சேர்ந்தது. சட்டைப் பையில் பெட்டி, காதுக்கு ஒயர், பார்க்க ரேடியோ மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. அதை மாட்டிக்கொண்டு நேராக வெல்ல ஆலைக்குப் போய் ஆயில் என்ஜின் பக்கத்தில் நின்றிருக்கிறார். கரும்பு ஆட்டுகிற என்ஜின் சத்தம் மொத்தமும் காதுக்குள் இடித்ததும் பிடுங்கிக் கட்டிலில் வீசியவர், அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை. வயசானால் காது மந்தமாவது சகஜம், மிஷின் வைத்தால் தீர்ந்தது என்று நீ எழுதியிருந்தாய். அப்படி ஒன்றும் தீரவில்லை. உன் அப்பாவுக்கு என்ன அப்படி வயசாகிவிட்டது? அவரைவிட மூத்தவர்கள் இந்த ஊரில் ஆற்றுக்கு அக்கரையில் கூப்பிட்டால் இக்கரையிலிருந்து பதில் கொடுக்கிறார்கள்.

உன் தங்கை வளர்மதிக்கு வரன் பார்த்த விஷயம் போன கடிதத்தில் எழுதினேன். ராசிபுரம் சென்னிமலைக் கவுண்டர் மகன், பையன் நல்ல பையன், அதில் குறையில்லை. கார்த்திகை வளர்பிறையில் உறுதி செய்ய வந்தார்கள். ஆண்கள் முன்கட்டு ஆசாரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள், நாங்கள் பெண்கள் உள்ளே. உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டை நான்தான் கழுவித் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். நம் பக்கத்தில் அந்தத் தட்டு கை மாறிவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது என்பது உனக்குத் தெரியும். தட்டு மாற்றுவதற்கு முன்னால் சென்னிமலைக் கவுண்டர் கேட்டார், “தையிலேயே கல்யாணத்த வெச்சுக்கலாமுங்க, பொண்ணு படிச்ச வரைக்கும் போதும், டீச்சர் டிரெயினிங்க இத்தோட நிறுத்திப் போடலாம், என்ன சொல்றீங்க” என்று. அவர் ஒளித்து மறைத்துக் கேட்கவில்லை, எல்லோர் முன்னாலும் வாய்விட்டுத்தான் கேட்டார், அவரை நான் குறை சொல்லமாட்டேன். உன் அப்பா சிரித்த முகமாகத் தலையை ஆட்டி “சரிங்க, அப்படியே பண்ணிப் போடலாமுங்க” என்றார். சித்திரையில் பரீட்சை எழுதினால் வளர்மதி டீச்சர். வாசல் தாண்டி நாமக்கல்லுக்கு பஸ் ஏறிப் படிக்கப் போன முதல் பெண் இந்த வீட்டில் அவள், பரீட்சை எழுதவிடாமல் தையில் நிறுத்துவதற்கா அனுப்பினோம்? கதவோரம் வந்து நின்று கையைக் காட்டினேன், உன் அப்பா பார்க்கவில்லை. உன் மாமன் வேலுசாமி பக்கத்திலேயே வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் வாயைத் திறந்திருக்கலாம், மச்சானே முடிவு பண்ணிவிட்டார் என்று நினைத்தானாம். நான் அவனைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் தட்டு கை மாறிவிட்டது.

அவர்கள் போன பிறகு, ஏனுங்க இப்படிச் செய்தீர்கள் என்று கோபத்தில் கத்திக் கேட்டால் உன் அப்பா என்னையே திருப்பிக் கேட்கிறார், “படிப்ப நிறுத்தணும்னு எப்பச் சொன்னாங்க” என்று. அவருக்கு ஒரு சொல்கூட விழவில்லை. ஆசாரத்தில் பத்துப் பேர் பேசும் சத்தத்தில் அவருக்கு வாய் அசைவதுதான் தெரிந்திருக்கிறது. எல்லோரும் தலையாட்டினார்கள், இவரும் ஆட்டினார். இந்த வித்தையை அவர் ஒரு வருடமாகச் செய்துவருகிறார். ஊரார் சிரித்தால் சிரிப்பது, உச்சுக் கொட்டினால் உச்சுக் கொட்டுவது. சரி, தெரியாமல் நடந்தது நடந்துவிட்டது, ராசிபுரம் போய், எனக்குக் காதில் விழவில்லைங்க, பரீட்சை முடியட்டும், வைகாசியில் கல்யாணத்தை வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் அவர்கள் என்ன கடித்தா தின்றுவிடுவார்கள்? அதற்கு உன் அப்பா சொன்ன பதிலைக் கேள். “உப்புச் சக்கரை மாத்துன கையோட போயி எனக்குக் காது கேக்கலீங்கன்னு சொல்றதா? அதுக்கு நான் காவேரியில எறங்கிப் போயிருவேன்” என்கிறார். அதாவது, தன்னைச் செவிடு என்று சம்பந்தி வீட்டில் நினைத்துவிடக்கூடாது, அதற்காக மகள் படிப்பு போனால் போகட்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு அடுப்பு பற்ற வைக்கவில்லை. வளர்மதி சண்டை போடவில்லை, அழவில்லை, அவரோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டாள். அவள் பேசாமல் இருப்பதுகூட அவருக்குத் தெரியவில்லை சாமி. இதைவிட என்ன சொல்ல.

பிறகு நான் ஒரே பிடியாக நின்று சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சூரமங்கலத்தில் வேலுசாமி வீட்டில் இறங்கி, அவனையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஒரு காது டாக்டர் அம்மாவிடம் போனோம். வழியெல்லாம் வேலுசாமிக்குக் கேலிதான், “மச்சானுக்குப் பொம்பளைங்க பேசறது மட்டுந்தான் கேக்காது, குடுத்து வெச்ச மகராசன்” என்று பஸ்ஸில் எல்லோரும் கேட்கச் சொல்லிச் சிரிக்கிறான். காது கேட்காத மனிதனை வைத்துக்கொண்டு சிரிப்பது இந்த ஊருக்கு அவ்வளவு இனிப்பாக இருக்கிறது. கண் தெரியாதவனைக் கைபிடித்து ரோடு தாண்டிவிடுகிற ஊரில் காது கேட்காதவனுக்கு மட்டும் ஏன் இந்தக் கேலி என்று கேட்டேன், அதற்குப் பிறகுதான் வாயை மூடினான்.

டாக்டர் அம்மா முதலில் காதுக்குள் விளக்குப் போட்டுப் பார்த்தார், அழுக்கும் இல்லை, சீழும் இல்லை. பிறகு காதில் மூடி மாதிரி ஒன்றை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்குங்கள் என்றார்கள். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, அந்த நர்ஸ் பெண்ணின் கை அந்தச் சத்தம் விடுகிற மிஷினின் திருகாணிக்குப் போகும்போதெல்லாம் விரலைத் தூக்கினார். அந்தப் பெண் கெட்டிக்காரி, கண்டுபிடித்து முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள், அப்புறம் விரல் எழவே இல்லை. டாக்டர் அம்மா வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, “பெரியவரே, உங்க வீட்டுல யானை கட்டியிருக்கீங்களா” என்று கேட்டார். உன் அப்பா மரியாதையாகத் தலையை ஆட்டி “ஆமாங்க” என்றார். வேலுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கையில் இருந்த பையைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் அப்பாவுக்குக் கோபம் வருகிற காரியங்கள் நடந்தன. டாக்டர் அம்மா கையில் பட்டையைக் கட்டி பிரஷர் பார்த்தார், மூத்திரம் கேட்டார், பக்கத்து இதய டாக்டரிடம் அனுப்பி மார்பில் ஒயர் வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். உன் அப்பா எழுந்து நின்று, “காதுக்கு வந்தவங்கிட்ட மூத்திரத்தக் கேக்கறாங்க, நெஞ்சுல ஒயரக் கட்டறாங்க, இது ஆசுபத்திரியா என்ன எழவு” என்று கத்தினார். தன் சத்தம் தனக்குக் கேட்காததால் அவர் இப்போதெல்லாம் பேசினாலே தெருவுக்குக் கேட்கிறது. அங்கேயே மூத்திரத்தைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு சேர்த்துக் காய்ச்சினார்கள், செங்கல் நிறத்துக்கு வந்தது. அவ்வளவு சர்க்கரை. கொப்பரையில் பாகு கொதிக்கும்போது நிறத்தைப் பார்த்தே பதம் சொல்கிற மனிதர், அந்தக் குழாயைப் பார்க்கமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரஷரும் ஏகத்துக்கு இருந்தது. நெஞ்சுப் படத்தைப் பார்த்த இதய டாக்டர், இதயம் சுமை தாங்காமல் கொஞ்சம் களைத்திருக்கிறது, இன்னும் கெட்டுப்போகவில்லை என்றார்.

காதுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நானும்தான் கேட்டேன். டாக்டர் அம்மா எனக்குப் பொறுமையாகச் சொன்னார். காதுக்குள்ளே, சத்தத்தை வாங்குகிற இடத்துக்கு ரத்தம் போவது தலைமுடி மாதிரி மெல்லிய குழாயில். வேறு பக்கத்திலிருந்து அதற்கு வழி கிடையாது. சர்க்கரையும் பிரஷரும் வருடக்கணக்கில் ஏறியே இருந்தால் அந்தக் குழாய்கள் தடித்து அடைபடுகின்றன, பீடி சிகரெட்டும் அதையேதான் செய்கிறது. நம் வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல், அதுபோல என்று வைத்துக்கொள். அந்த டாக்டர் அம்மா, எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று சொல்ல முடியாது, உங்கள் வீட்டுக்காரருக்கு வயசும் என்ஜின் சத்தமும் சேர்ந்திருக்கின்றன, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, ஆனால் காதில் நடக்கிறது இதயத்திலும் நடக்கலாம், இந்த வயசில் இப்படிக் காது மங்கினால் நெஞ்சையும் ரத்தத்தையும் பார்க்காமல் அனுப்பமாட்டேன் என்றார். போன கேட்கும் சக்தியைத் திருப்பித் தர மருந்து இல்லையாம். இருப்பதைக் காப்பாற்றலாமாம். சர்க்கரையும் பிரஷரும் அடங்கிய பிறகு அளவு பார்த்து மிஷின் வைத்தால் பேச்சும் புரியும், ஆகவே நீ அனுப்பியது வீண்போகாது. இன்னொன்றும் சொன்னார். இவர் காதில் முதலில் போனது மெல்லிய சத்தம், பெண்கள் குழந்தைகள் பேச்சுத்தான் இவருக்கு முதலில் விழாமல் போகும் என்றார். அதை மட்டும் நான் நம்பவில்லை. ஆம்பிளைகளுக்கு வசதியான நோய்தான் போ என்று நினைத்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து கேட்ட என் குரல் அவருக்கு விழாமலா இருக்கும்? ஊராரிடம் கேட்பதுபோல நடித்துத் தவிக்கிறார், என்னிடம் மட்டும் வேண்டுமென்றே காதைப் பூட்டிக்கொள்கிறார்.

ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வெல்ல விஷயத்தைக் கேள். போன வருடம் ஆடியில் காலில் புண் ஆறாமல் நாமக்கல்லில் காட்டியபோதே சர்க்கரை வியாதி, பிரஷர் இரண்டும் இருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். புண் ஆறியதும் மாத்திரையும் நின்றது. இனிப்பு ஆகாது என்றார்களா, உன் அப்பா காப்பிக்கு அஸ்காச் சீனியை நிறுத்திவிட்டு நம் ஆலை வெல்லத்தைக் கை நிறையப் போட ஆரம்பித்தார். வெள்ளை அஸ்காவில்தான் மருந்து கலக்கிறார்களாம், நம் காட்டில் விளைந்து நம் கொப்பரையில் காய்ச்சிய வெல்லம் உடம்பைக் குளிர வைக்குமாம். ஆலை ஓடுகிற நாளில் சூடான பாகைக் கொட்டாங்குச்சியில் வாங்கி நக்குவது, கரும்புப்பாலைச் சொம்பில் குடிப்பது, தொட்டுக்கொள்ள உப்பு மாங்காய். வேண்டாமுங்க, வேண்டாமுங்க என்று ஒரு வருடமாகச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டுபோனது. ஒவ்வொரு தடவையும் “சரி சரி” என்று தலையை ஆட்டுவார், மறுநாள் மீசையில் பாகு ஒட்டியிருக்கும். மாத்திரை போட்டீர்களா என்றால் அதற்கும் ஒரு சரி, பெட்டியைப் பார்த்தால் அட்டை பிரிக்காமல் கிடக்கும். இவருக்குச் சாட்சி யார் தெரியுமா? நீதான் சாமி. அஸ்காதான் கெடுதல், நம் வெல்லத்தால் ஒன்றும் ஆகாது என்று பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகிறவன் வருகிறவனிடமெல்லாம் காட்டுகிறார். டாக்டர் அம்மாவிடமே எடுத்து நீட்டினார். அவர் படித்துவிட்டு, உங்கள் மகன் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார், நான் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? வெல்லமும் சர்க்கரைதான், ரத்தத்துக்குள் போனால் அது எந்தக் காட்டு வெல்லம் என்று பார்க்காது என்று பச்சைப்பிள்ளைக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல்லி அனுப்பினார்.

அதனால் நீ இந்தக் கடிதம் கிடைத்த உடனே உன் அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் போட வேண்டும். நீ எழுதியதைத்தான் அவர் வேதமாக வைத்திருக்கிறார். வெல்லத்தைப் பற்றி எழுதியது தப்பு என்று நீயே எழுது. மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று எழுது. இதெல்லாம் காதோடு நிற்காது, அடுத்தது நெஞ்சு என்று பயமுறுத்தியே எழுது, நான் தப்பாக நினைக்கமாட்டேன். முக்கியமாக, ராசிபுரம் போய் உண்மையைச் சொல்லிவிட்டு வாருங்கள் அப்பா, காது கேட்கவில்லை என்பது கொலைக் குற்றம் இல்லை என்று எழுது. மார்கழி பிறந்துவிட்டால் நல்ல காரியம் பேசப் போகமாட்டார்கள், தை வந்தால் பந்தக்கால் நட்டுவிடுவார்கள், பிறகு வளர்மதி பரீட்சைக்குப் பதில் அவர்கள் வீட்டில் சோறாக்கிக்கொண்டிருப்பாள். நான் சொன்னால் எடுபடவில்லை. எழுத்து என்றால் அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படிப்பார்.

உனக்கும் சொல்கிறேன். நாள் முழுக்க அந்தக் கம்ப்ரஸர் பக்கத்தில் நிற்கிறாய், காதில் பஞ்சாவது வைத்துக்கொள். நீ பீடி பிடிப்பது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, காத்தான் சட்டையில் அடிக்கிற வாசம் நீ ஊருக்கு வந்தபோது உன் சட்டையிலும் அடித்தது. இந்தச் சர்க்கரை வியாதி அப்பனிடமிருந்து பிள்ளைக்கும் வரக்கூடியது, மகனையும் வருடம் ஒருமுறை ரத்தம் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். பார்த்துவிட்டு எனக்கு எழுது, பார்த்தேன் என்று சும்மா எழுதாதே.

என் கோபத்தையெல்லாம் உன்மேல் கொட்டிவிட்டேன், வேறு யாரிடம் கொட்டுவேன். நீ நூறு வயசு இருக்க வேண்டும், காதும் கண்ணும் நெஞ்சும் கெட்டியாக இருக்க வேண்டும், கருப்பணசாமி உன் லாரிக்கு முன்னால் நடந்து வரட்டும். வளர்மதியின் போட்டோ ஒன்று கேட்டிருந்தாய், இந்தக் கவரிலேயே வைக்கிறேன். உன் அப்பா நாளைக்கு மோகனூர்த் தபாலாபீசுக்குப் போகிறார், அவரிடமே கொடுத்தனுப்புகிறேன், போட்டோ மடங்காமல் வைத்து ஒட்டச் சொல்லியிருக்கிறேன். அப்பாவுக்குக் கடிதம், மறக்காதே.

இப்படிக்கு,
உன்மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா
சாரதாமணி

நாச்சிமுத்து, இது அப்பா. கவரை ஒட்ட எடுத்தேன், உன் அம்மா எழுதியதைத் தபாலாபீசு பெஞ்சில் உட்கார்ந்து படித்துவிட்டேன். அவள் ஒரு வருடமாக வெல்லம் வேண்டாம் என்று சொன்னதாக எழுதியிருக்கிறாள். எனக்கு அது தெரியாது. தினமும் பக்கத்தில் வந்து நின்று ஏதோ சொல்வாள், சோறு தண்ணி விஷயமாக இருக்கும் என்று தலையாட்டுவேன். திருப்பிக் கேட்டால் எரிச்சல்படுவாளே என்று கேட்கமாட்டேன். வளர்மதி பேசாமல் இருப்பதையும் இதில்தான் படித்தேன். நீ எனக்குத் தனியாக எழுத வேண்டாம், இதுவே போதும். ஆலையில் இனி எனக்குப் பாகு நீட்டக்கூடாது என்று பசங்களிடம் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு முதல் பஸ்ஸில் ராசிபுரம் போகிறேன். உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் ஆசாரத்தில் என் பக்கத்திலேயே உட்கார வைக்கப்போகிறேன், யார் என்ன நினைத்தாலும் சரி. அவர்கள் என்ன கேட்டாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவேன்.